அராப்பிலீஸ் பாறைக்குப் போகும் முன்: எல்லாரும் கேட்கும் கேள்விகள்

மெல்பர்னில் குடியேறியதிலிருந்து வருடத்துக்கு நாலைந்து முறையாவது பாறை ஏற அராப்பிலீஸ் மலைக்குப் போய்வருகிறேன். ஒரு படம் போட்டால் போதும், வாட்ஸப்பில் அதே கேள்விகள் வரிசையாக வந்து விழும். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் தொழில்முறை வழிகாட்டி இல்லை, வாரக்கடைசியில் ஏறுகிற ஆள். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அராப்பிலீஸ் எங்கே இருக்கு? சிட்னி பக்கமா?

இல்லை, விக்டோரியா மாநிலத்தின் மேற்கே. விம்மெரா என்கிற தானியச் சமவெளியின் நடுவில் இருக்கிறது. மெல்பர்னிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். வெஸ்டர்ன் ஹைவேயில் பாலராட், அராரட், ஸ்டாவெல் தாண்டி ஹார்ஷம் வரும். அங்கே விம்மெரா ஹைவேக்குத் திரும்பினால் சுமார் 25 கிலோமீட்டரில் நேட்டிமக், அங்கிருந்து இன்னொரு 10 கிலோமீட்டரில் மலை. நிறுத்தாமல் ஓட்டினால் நாலு மணி நேரம். குடும்பத்தோடு போனால் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேட்டிமக் சில நூறு பேர் வாழும் ஊர். பாறை ஏற வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டவர்கள் அதில் கணிசம். ஊரிலுள்ள தானிய சைலோவின் சுவரில் கயிற்றில் தொங்கி நடனம் ஆடிக் காட்டிய ஊர் அது. விவசாயிகளும் பாறையேறிகளும் ஒரே கடையில் பால் வாங்கினால் இப்படித்தான் ஏதாவது நடக்கும்.

369 மீட்டர்தானா? நம்ம ஊர்ல இதைக் குன்றுன்னுதான் சொல்லுவோம். இதுக்கா அவ்ளோ தூரம்?

369 என்பது கடல்மட்டத்திலிருந்து. சுற்றியிருக்கும் வயலிலிருந்து பார்த்தால் இன்னும் குறைவு, சுமார் 140 மீட்டர்தான் எழும்பி நிற்கிறது. நேட்டிமக்கைத் தாண்டியதும் காரில் இருந்தவர்கள் "இதுவா?" என்று கேட்காத பயணம் எனக்கு இதுவரை அமையவில்லை.

உயரத்தை விடுங்கள். இந்தப் பாறை மணற்கல்லாகப் பிறந்து, சிலிக்கா இறுகி, கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்விட்ட குவார்ட்சைட் வகை. விரலால் பிடித்தால் உதிராது. மழையும் வெயிலும் அதில் செங்குத்தான விரிசல், மூலை, கூரை, தூண் என்று எல்லாம் செதுக்கிவைத்திருக்கின்றன. அதனால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏறுபாதைகள் பதிவாகியிருக்கின்றன. முக்கியமான விஷயம், எளிய பாதையும் கொடூரமான பாதையும் பக்கம் பக்கமாக இருக்கும். முதல்முறை ஏறுகிற என் தங்கையும் பதினைந்து வருடமாக ஏறுகிற நண்பரும் ஒரே மரத்தடியில் பையை வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் ஏறி, மதியச் சாப்பாட்டுக்கு அதே மரத்தடிக்கு வந்துவிடலாம். உலகத்தில் பல பெரிய மலைகளில் இது நடக்காது.

அண்ணா, இது ட்ரெக்கிங்கா? நடந்தே உச்சிக்குப் போக முடியாதா?

போகலாம். அதைவிடச் சுலபம், காரிலேயே போகலாம். உச்சிவரை தார்ச்சாலை இருக்கிறது. மேலே காட்சிமுனை, உட்கார்ந்து சாப்பிட இடம், காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரம் எல்லாம் உண்டு. நடக்கப் பிரியப்பட்டால் முகாம் இடத்திலிருந்து சென்ட்ரல் கல்லி என்கிற பிளவின் வழியே ஒரு பாதை மேலே போகிறது. செங்குத்துதான், ஆனால் கயிறு தேவையில்லை.

இந்தப் பக்கத்தில் நான் "ஏறுதல்" என்று சொல்வதெல்லாம் கையும் காலும் பாறையில், இடுப்பில் கயிறு கட்டி ஏறுவதைத்தான். உச்சியை அடைவது அதில் நோக்கமே இல்லை. உச்சியில் யாரோ ஒருவர் காரை நிறுத்தி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் வேர்த்து விறுவிறுத்து விளிம்பில் தலையை நீட்டும்போது அவர் கையசைப்பார்.

அராப்பிலீஸ்னு ஏன் பேரு? டியுரைட்னும் எழுதறாங்களே, எது சரி?

டியுரைட் என்பதுதான் பழைய பெயர், இந்த மண்ணின் வோட்ஜோபாலுக் முதலிய மக்கள் வைத்தது. அராப்பிலீஸ் என்பது 1836 ஜூலையில் இந்தப் பக்கம் வந்த நில அளவையாளர் மேஜர் தாமஸ் மிட்செல் வைத்தது. ஸ்பெயினில் 1812-ல் நடந்த சலமான்கா போரின் ஆண்டு நாளில் இந்த மலையில் ஏறினாராம். அந்தப் போர்க்களத்தில் இருந்த குன்றுகளின் பெயரைத் தூக்கி இங்கே வைத்துவிட்டார். ஏறுகிறவர்கள் செல்லமாக "அராப்ஸ்" என்பார்கள். அரசுப் பலகைகளில் இரண்டு பெயரையும் பார்க்கலாம்.

டிசம்பர் லீவுல வரலாமா? அப்பத்தான் எங்களுக்கு லீவு.

வரலாம், ஆனால் நான் சொல்ல மாட்டேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே கோடை. 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஒருமுறை ஜனவரியில் போய், காலை பத்து மணிக்குப் பாறையில் கைவைத்தால் தோசைக்கல். உள்ளங்கை வேர்த்து, பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் சாக் பொடி மாவாகி, ஒன்றரைப் பாதை ஏறிவிட்டு மீதி நாள் முழுக்க ஹார்ஷம் சூப்பர்மார்க்கெட்டின் ஏசியில் சுற்றிக்கொண்டிருந்தோம். அப்புறம் கோடையில் காட்டுத்தீ ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாளில் பூங்காவையே மூடிவிடுவார்கள்.

மார்ச் முதல் மே, செப்டம்பர் முதல் நவம்பர். இவைதான் நல்ல மாதங்கள். எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசி. கனோலா என்கிற எண்ணெய்வித்துப் பயிர் பூத்து, பாறையில் பாதி ஏறித் திரும்பிப் பார்த்தால் கீழே கட்டம் கட்டமாக மஞ்சள். குளிர்காலத்திலும் வெயில்படும் பக்கமாகப் பார்த்து ஏறலாம், ஆனால் இரவு கடும் குளிர். ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு பிரபலமான பாதையின் அடியிலும் ரேஷன் கடை வரிசை.

கார் இல்லாம போக வழி இருக்கா?

ஹார்ஷம் வரை இருக்கிறது. மெல்பர்னிலிருந்து வி/லைன் ரயிலும் அதோடு இணைந்த பேருந்தும் உண்டு. மெல்பர்ன்–அடிலெய்டு ஓடும் ஓவர்லேண்ட் ரயிலும் ஹார்ஷமில் நிற்கும், ஆனால் அது வாரத்துக்கு இரண்டே முறை. ஹார்ஷமிலிருந்து மலைக்குத்தான் சிக்கல். பேருந்து அபூர்வம், வாரக்கடைசியில் நம்ப முடியாது. மெல்பர்னில் செயற்கைச் சுவரில் ஏறிப் பழகும் ஜிம் ஏதாவது ஒன்றில் அறிமுகம் பிடித்து, காரில் ஒரு இடத்துக்குப் பெட்ரோல் பங்கு கொடுத்துப் போவதுதான் உத்தமம். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனேன்.

ஹோட்டல் இல்லையா? டென்ட்தானா?

ஹார்ஷமில் மோட்டல்கள் உண்டு. நேட்டிமக் ஏரிக்கரையில் கேரவன் பார்க் இருக்கிறது (ஏரியில் தண்ணீர் இருக்குமா என்பது அந்த வருட மழையைப் பொறுத்தது). ஆனால் அராப்ஸ் அனுபவம் என்று சொல்வது மலையடியில் இருக்கும் தி பைன்ஸ் முகாமில் டென்ட் போட்டுத் தங்குவதுதான். பைன் மரங்களின் அடியில் ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும். விடியற்காலையில் கூக்கபரா பறவை சிரிக்கிற சிரிப்பில் அலாரமே வேண்டாம். டென்டிலிருந்து பாறைக்கு ஐந்து நிமிட நடை.

இடத்தை பார்க்ஸ் விக்டோரியா (மாநிலப் பூங்காக்களை நிர்வகிக்கும் அமைப்பு) இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கழிப்பறை உண்டு, குளியலறை கிடையாது. குடிதண்ணீரை நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் கணக்குப்போட்டு ஹார்ஷமிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நான் சுத்த சைவம். அங்கே என்ன கிடைக்கும்?

நேட்டிமக்கில் கையால் எண்ணக்கூடிய கடைகள்தான், அதிலும் எல்லா நாளும் எல்லாம் திறந்திருக்காது. மளிகையை ஹார்ஷமில் முடித்துவிடுங்கள். முகாமில் சின்ன கேஸ் அடுப்பும் ஒரு குக்கரும் இருந்தால் பருப்புசாதம் இருபது நிமிடம். பருப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மலையைச் சுற்றியுள்ள விம்மெரா வயல்கள் கோதுமைக்கு மட்டுமல்ல, மசூர் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் பேர்போனவை. ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியா, இலங்கை, வங்கதேசம் எல்லாவற்றுக்கும் மசூர் கப்பலேறுகிறது. விளைந்த இடத்திலேயே கொதிக்கவைத்துச் சாப்பிட்ட திருப்தி எனக்கு.

தீ விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மாவட்டத்துக்கு முழுத் தீத்தடை அறிவித்த நாளில் எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்று பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அபராதம் பெரிய தொகை. அதைவிட, சுற்றிலும் காய்ந்த வயல். அப்படிப்பட்ட நாளுக்கென்று நான் முந்தினநாளே புளிசாதம் கிளறிவைத்துவிடுவேன்.

இதுவரைக்கும் பாறையே ஏறினது இல்லை. எடுத்த எடுப்பில் இங்கே வரலாமா?

தாராளமாக. ஆனால் தனியாகவோ, யூட்யூப் பார்த்தோ இல்லை. உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இங்கே இருக்கிறார்கள். ஒரு நாள் அவர்களோடு ஏறுவதற்குக் கொஞ்சம் செலவாகும்தான். ஹெல்மெட், ஹார்னஸ் (கயிறு கட்டும் இடுப்புப் பட்டை), ஷூ எல்லாம் அவர்களே தருவார்கள். முன்பதிவு செய்யும்போதே எடையையும் ஷூ அளவையும் சொல்லிவிடுங்கள்.

"என் நண்பன் ஏறுவான், அவன் சொல்லிக்கொடுப்பான்" என்று பலர் சொல்வார்கள். அந்த நண்பரிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள்: விரிசலில் தானாகக் கருவி வைத்து ஏறுவாரா, இல்லை ஜிம்மில் மட்டும் ஏறுபவரா? வித்தியாசம் அடுத்த பதிலில்.

மேலே கயிறை யார் போய்க் கட்டுவாங்க? அதுக்கே முதல்ல ஒருத்தர் ஏறணும்ல?

எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். கேட்டது என் அத்தை.

பெரும்பாலான பாதைகளில் மேலே கயிறு எதுவும் தொங்காது. தரையில் சுருண்டு கிடக்கும். முதலில் ஏறுபவரை லீடர் என்பார்கள். அவர் கயிற்றின் நுனியைத் தன் ஹார்னஸில் முடிந்துகொண்டு ஏறுவார். கீழே நிற்பவர் பிலேயர். அவர் தன் இடுப்பில் மாட்டிய கருவியின் வழியே கயிற்றை அளந்து அளந்து விடுவார். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒருமுறை லீடர் நின்று, விரிசலில் ஒரு உலோகத் துண்டைச் செருகி, அதில் ஒரு வளையத்தை மாட்டி, கயிற்றை அதற்குள் போடுவார். அந்தத் துண்டு இரண்டு வகை. நட் என்பது ஆப்பு மாதிரி, கம்பி முனையில் இருக்கும். விரிசலின் அகலமான இடத்தில் விட்டு, குறுகும் இடத்துக்கு இழுத்தால் சிக்கிக்கொள்ளும். கேம் என்பதில் ஸ்பிரிங் உண்டு. இழுத்துப் பிடித்தால் சுருங்கும், விட்டால் விரிந்து விரிசலின் இரண்டு சுவரையும் நெட்டித் தள்ளும். லீடர் விழுந்தால் கடைசியாக வைத்த துண்டு பிடிக்கும். அதற்கு மேல் 2 மீட்டர் ஏறியிருந்தால் அந்த 2-ம் கீழே இன்னொரு 2-ம் சேர்ந்து 4 மீட்டர் விழுவார், கயிறு நீள்வது தனி. அதனால் எவ்வளவு நன்றாக ஏறுகிறீர்கள் என்பதைவிட, எவ்வளவு நன்றாகச் செருகுகிறீர்கள் என்பது இங்கே பெரிது.

லீடர் மேலே போய்ச் சேர்ந்து தன்னைக் கட்டிக்கொண்டதும், இரண்டாவது ஆள் மேலிருந்து கயிறு பிடிக்கப்பட்ட நிலையில் ஏறி, வழியிலுள்ள துண்டுகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டே வருவார். பாறையில் எதுவும் மிஞ்சாது. ஆர்பி என்று விரல்நகம் அளவுக்கு ஒரு பித்தளை நட் உண்டு. உலகம் முழுக்கப் பயன்படும் அது, மெல்பர்னில் வாழ்ந்த ரோலண்ட் பாலிக் என்பவர் செய்தது, பெயரும் அவர் பெயரின் முதல் எழுத்துகளே. என்னுடைய ஆர்பி ஒன்றை விரிசலில் விட்டுவிட்டு வர மனமில்லாமல், நட் கீ என்கிற கொக்கியால் முக்கால் மணி நேரம் நோண்டியிருக்கிறேன். கீழே நின்றவர் தூங்கிவிட்டார் என்று சொன்னால் நம்புங்கள், வேறொருவர்தான் கயிறு பிடித்திருந்தார்.

போல்ட் அடிச்ச பாதையே இல்லையா?

பாறையில் நிரந்தரமாகப் பதித்த ஆணிதான் போல்ட். அப்படிப்பட்ட பாதைகள் உண்டு, ஆனால் குறைவு. பெரும்பாலும் கடினமான சுவர்களில்தான். பழைய பாதைகளில் "கேரட்" என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். பாறைக்குள் அடித்த போல்டின் தலை மட்டும் துருத்திக்கொண்டிருக்கும், மாட்ட வளையமே இருக்காது. அதில் மாட்டும் தகட்டை நீங்கள்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். இது ஆஸ்திரேலியாவின் தனி வினோதம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்து விழிப்பதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும், அவர்களுக்கு அல்ல.

மச்சான், ஜிம்முல 20 ஏறறேன். அப்ப அங்கேயும் 20 ஏறலாம்ல?

ஏற மாட்டாய் மச்சான்.

ஆஸ்திரேலியாவில் பாதையின் கடினத்தைச் சொல்ல ஒரே ஒரு எண்தான். 1960-களில் ஜான் யூபேங்க் கொண்டுவந்த முறை. 1-ல் தொடங்கும், மேலே எல்லை இல்லை. 10 வரை எளிது, 15 வந்தால் நடுத்தரம், 20-க்கு மேல் பயிற்சி வேண்டும், 30-க்கு மேல் பயிற்சியே வாழ்க்கையாக இருக்க வேண்டும். இது பெரும்பாலும் அசைவுகளின் கடினத்தைத்தான் சொல்லும், பயத்தை அளக்காது. ஜிம்மில் பிடிகளுக்கு வர்ணம் பூசியிருக்கும். இங்கே எது பிடி என்று நீங்களே தேட வேண்டும். ஒரு கையால் தொங்கிக்கொண்டே மறுகையால் சரியான நட்டைத் தேர்ந்து செருக வேண்டும். அதோடு, இங்குள்ள புகழ்பெற்ற பாதைகள் நிறைய 1960, 70-களில் போட்டவை. அந்தக் கால ஆட்கள் எண்ணைக் கருமித்தனமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நானும் ஜிம்மில் 20 ஏறிய தெம்பில்தான் முதலில் வந்தேன். ஆர்கன் பைப்ஸ் பகுதியில் டி மைனர் என்று ஒரு 14. பாதி உயரத்தில் கால் தந்தியடிக்க ஆரம்பித்தது. கீழே பத்து வயதுப் பெண் ஒருத்தி "இடதுகால் பக்கத்தில் ஒரு படி இருக்கு" என்றாள். இருந்தது. உங்கள் ஜிம் எண்ணிலிருந்து எட்டைக் கழித்துத் தொடங்குங்கள். இரண்டு நாளில் உங்கள் எண் எது என்று பாறையே சொல்லிவிடும்.

சரி, முதல் தடவைக்கு எந்தப் பாதை?

கயிறு, கருவி எல்லாம் தெரிந்த ஒருவரோடு போகிறீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன். டிப்டோ ரிட்ஜ், எண் 5. மலையின் முகப்பில் ஒரு முதுகெலும்பு மாதிரி நீண்டு போகும். பிடிகள் படிக்கட்டு அளவு, இரண்டு பக்கமும் அதலபாதாளம். எண்ணைப் பார்த்து மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி, இருட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஹெட்லேம்ப் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

அடுத்து தி பார்ட், எண் 12. பல பிட்ச் பாதை. ஒரு கயிற்றளவுக்குள் ஏறி நிற்கும் ஒவ்வொரு கட்டமும் ஒரு பிட்ச். நிற்கிற இடம் ஒவ்வொன்றும் திண்ணை மாதிரி வசதி. வாட்ச்டவர் கிராக், எண் 16, கொஞ்சம் கை பழகியபிறகு. கச்சூங் என்கிற 21-ம் எண் பாதையின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள்: தலைக்குமேல் கூரை, ஆள் அதில் பல்லி மாதிரி தொங்குவார். அதை வேடிக்கை பார்த்தாலே போதும்.

ஏறிட்டோம். இறங்கறது எப்படி?

இரண்டு வழி. நடந்து இறங்கும் வழிகள் உண்டு, சில இடங்களில் கையையும் பயன்படுத்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் அப்ஸீல், அதாவது நிலையான வளையத்தில் கயிற்றை மாட்டி வழுக்கி இறங்குவது. எந்தப் பாதையின் முடிவிலிருந்து எந்த இறக்கம் என்பதைத் தரையில் நிற்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள். கயிற்றின் இரண்டு நுனியிலும் முடிச்சுப் போடுங்கள், ஒருமுறைகூட மறக்காமல். ஏறும்போது எல்லாரும் விழிப்பாக இருப்போம், இறங்கும்போதுதான் "முடிஞ்சது" என்ற நினைப்பு வரும். அந்த நினைப்புதான் ஆளைக் கொல்லும்.

பங்க்ஸ் இன் த ஜிம்னு சொல்றாங்களே, அதுல என்ன விசேஷம்?

இங்கே ஏறத் தொடங்கியது 1963-ல். மெல்பர்ன்காரர்கள் சிலர் பக்கத்திலுள்ள மைட்டர் ராக் என்ற சின்னப் பாறையைத் தேடிவந்து, அதன் பின்னால் நின்ற பெரியதைப் பார்த்தார்கள். இருபதே வருடத்தில் உலகத்தின் கெட்டிக்கார ஏறுநர்கள் பைன்ஸ் முகாமில் மாதக்கணக்கில் டென்ட் போட்டார்கள். 1985-ல் ஜெர்மனியின் வொல்ஃப்காங் குல்லிக் ஒரு ஆரஞ்சு நிறச் சுவரில் ஏறினார். அதற்கு எண் 32. அதுவரை உலகில் எங்குமே அந்த எண்ணில் ஒரு பாதை கிடையாது. அதுதான் பங்க்ஸ் இன் த ஜிம்.

ஆஸ்திரேலியாவின் கிம் காரிகன் என்பவர் அதே 80-களில் இங்கே கடினமான பாதைகளை வரிசையாகப் போட்டவர். அதில் ஒன்றின் பெயர் "இந்தியா". நான் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டதோடு சரி.

பாம்பு இருக்கா?

இருக்கிறது. பழுப்புப் பாம்பு, கடுமையான விஷம். வெயில் மாதங்களில் பாறையடிப் புல்லில் நடக்கும்போது காலைத் தட்டி நடங்கள், பையைத் திறந்துவைக்காதீர்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இரண்டே முறை, இரண்டும் என்னைவிட வேகமாக ஓடியது. பைன்கூம்பு மாதிரி செதிலோடு பாதையின் குறுக்கே படுத்திருக்கும் குட்டையான பல்லியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீல நாக்கை நீட்டி மிரட்டும், அவ்வளவுதான்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்காங்க. பிள்ளைகளும் உண்டு. கூட்டிட்டு வரலாமா?

நிச்சயமாக. மூன்றாவது கேள்வியில் சொன்ன சாலை அவர்களுக்காகத்தான். உச்சியில் காற்று பலமாக இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்புகளில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கீழே பாறையடியில் நின்று வேடிக்கை பார்ப்பதானால், ஏறுகிறவர்களுக்கு நேர்கீழே நிற்கக்கூடாது. கல்லும் விழும், கருவியும் விழும். தாவரங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு காரணம்: விக்டோரியாவின் தாவர இனங்களில் ஏழில் ஒரு பங்கு இந்தச் சின்னப் பூங்காவுக்குள் இருப்பதாகக் கணக்கு.

மலையை மூடிட்டாங்கன்னு செய்தி பார்த்தேனே?

முழுதாக மூடவில்லை. கதை கொஞ்சம் நீளம்.

இந்த மலை வோட்ஜோபாலுக், ஜாட்வா, ஜடவாஜலி, வெர்கையா, ஜுபகுல்க் மக்களின் நிலம். 2005-ல் நீதிமன்றம் இவர்களின் பூர்வ உரிமையை அங்கீகரித்தது. இறுகிய பாறை என்று இரண்டாவது பதிலில் சொன்னேனே, அதே பாறையைத்தான் இவர்களின் முன்னோர் கருவி செய்ய வெட்டியெடுத்தார்கள். வெட்டிய தடங்களும் பாறை ஓவியங்களும் இன்றும் இருக்கின்றன. பக்கத்து கிராம்பியன்ஸ் மலைத்தொடரில் 2019-ல் பெரும் பகுதிகளில் ஏறுவதற்குத் தடை வந்தது. இங்கே டெய்லர்ஸ் ராக் என்ற பகுதியில் ஓவியங்கள் தெரியவந்ததும் 2020-ல் அதை மூடினார்கள். 2024 நவம்பரில் பார்க்ஸ் விக்டோரியா ஒரு வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. அதன்படி ஏறுபாதைகளில் ஏறத்தாழப் பாதி போய்விடும். நேட்டிமக்கே கொந்தளித்தது. அந்த வரைவு அப்படியே நடைமுறைக்கு வரவில்லை, பேச்சுவார்த்தைக்கு மறுபடி போனது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பது மாறக்கூடியது. கிளம்பும் வாரத்தில் பார்க்ஸ் விக்டோரியா தளத்தைப் பாருங்கள். வல்லூறு கூடுகட்டும் பருவத்தில் சில சுவர்களில் ஏறாமல் தள்ளியிருக்கச் சொல்லும் அறிவிப்பும் வரும்.

என் கருத்தைக் கேட்பவர்களுக்கு: வரைவு வந்த விதம் எனக்கும் பிடிக்கவில்லை, ஊர்க்காரர்களிடம் முன்கூட்டிப் பேசியிருக்கலாம். ஆனால் "அறுபது வருஷமா ஏறறோம், இப்ப என்ன திடீர்னு" என்ற வாதம், பல்லாயிரம் வருடமாக இருப்பவர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

போர்டு இல்லாத இடத்துல ஏறினா யாருக்குத் தெரியப்போகுது?

போன பதிலைப் படித்துவிட்டும் இதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பலகை இல்லை என்பதற்கு அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை; ஓவியம் இருக்கிற எல்லா இடத்தையும் பலகை வைத்து ஊருக்குக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. அபராதம் இருக்கிறது. சாக் பொடி படிந்த கையால் ஒரு மங்கிய சிவப்புக் கோட்டைத் தேய்த்துவிட்டால், அதைத் திரும்ப வரைய ஆள் கிடையாது. இரண்டாயிரம் பாதைகளில் திறந்திருப்பதை ஏறி முடித்துவிட்டு அப்புறம் வாருங்கள், பேசலாம்.

விழுந்து அடிபட்டா யார் வருவாங்க? டிராவல் இன்சூரன்ஸ் இருக்கு, போதும்தானே?

அழைக்க வேண்டிய எண் 000. பாறையிலிருந்து ஆளை இறக்க உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான் பெரும்பாலும் முதலில் வருவார்கள், தங்கள் வேலையைப் போட்டுவிட்டு. செல்போன் சிக்னல் மலையின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் இணைப்பு பரவாயில்லை.

இன்சூரன்ஸ் தாளை எடுத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். "கயிறு பயன்படுத்தும் மலையேற்றம் நீங்கலாக" என்ற வரி நிறைய பாலிசிகளில் ஒளிந்திருக்கும். விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் இலவசம் இல்லை, ஹெலிகாப்டர் வந்தால் பில் ஆயிரக்கணக்கான டாலர். ஒரு உறவினர் மலையடியில் நின்றுகொண்டு தன் பாலிசியைப் படித்தார். அன்று அவர் ஏறவில்லை, எங்களுக்கு நல்ல தேநீர் போட்டுக்கொடுத்தார்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு. காலைல கிளம்பி ராத்திரி திரும்பிடலாமா?

எட்டு மணி நேரம் ஓட்டி, நடுவில் கயிறு பிடிப்பதா? வேண்டாம். உங்கள் கையில் இன்னொருவரின் உயிர் இருக்கும்போது தூக்கக்கலக்கம் கூடாது. ஏறாமல் சும்மா பார்ப்பது மட்டும் என்றாலும் ஒரு இரவு தங்குவதுதான் சரி. மாலை ஐந்தரைக்கு மேல் மேற்கு வெயில் பட்டு மைட்டர் ராக் செம்பு நிறமாகும் நேரத்தைப் பார்க்காமல் திரும்புவது அநியாயம். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இருட்டில் சாலை முழுக்கக் கங்காரு. வயலிலிருந்து திடீரென்று குதிக்கும், ஒரு சொகுசுக் காரின் முகப்பு நசுங்கிக் கிடந்ததை நேட்டிமக் சாலையில் பார்த்திருக்கிறேன். ஹார்ஷமில் ரூம் போட்டுத் தூங்கிவிட்டு, காலையில் டிம்பூலா பக்கம் இருக்கும் பிங்க் லேக்கையும் எட்டிப்பார்த்துவிட்டுப் போங்கள். அது மெல்பர்ன் வழியில் இல்லை, எதிர்த்திசையில் அரைமணி நேரம். பிங்க் நிறம் தெரியுமா என்பதற்கு நான் பொறுப்பல்ல. நான் போன மூன்று முறையில் இரண்டு முறை வெள்ளையாகத்தான் இருந்தது.